இரட்டைத் துளை

இழையூட்டி இயந்திரம் மூன்றாவது முறையாக ஜெசிந்தாவை நிராகரித்தது. கன்னத்தைத் தொட்ட உலோக விரல் பின்வாங்க, திரையில் அதே வாசகம் வந்தது: "துளை பொருந்தவில்லை. அடுத்தவர் வரலாம்."

தூத்துக்குடிக்குத் தெற்கே எழுந்திருந்த அந்தப் புதிய துறைமுகத்தில் கிரேன்களுக்குள் யாரும் ஏறுவதில்லை. தலைமுடியைவிட மெல்லிய நரம்பிழை ஒன்றைக் கன்னத்தின் வழியே செலுத்துவார்கள். மண்டையோட்டின் அடியில் கீழ்த்தாடை நரம்பு இறங்கி வருகிற நீள்வட்டத் துளைக்குள் அதை நுழைத்து, மூளையின் ஓரத்தில் நிறுத்திவிடுவார்கள். எலும்பை அறுக்க வேண்டாம். பத்து நிமிட வேலை. பிறகு கரையில் உட்கார்ந்தபடி கையை நீட்ட நினைத்தால் போதும், நாற்பது டன் கன்டெய்னர் நகரும்.

வெளியே முத்துப்பேச்சி காத்திருந்தாள். கூடப் படித்தவள். போன வருடமே இழை பெற்று வேலையில் சேர்ந்துவிட்டாள்.

"இந்த வாட்டியும் இல்லயாட்டி? பேசாம கேன்டீன்ல சேந்துரு."

"கிரேன் ஓட்டத்தானட்டி ரெண்டு வருசம் படிச்சேன்? எனக்கு என்ன கொறைன்னு தெரியணும்."

ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனாள். உடற்கூறியல் பேராசிரியர் ஹமீதா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உனக்குத் துளை இல்லாம இல்லம்மா. ஒண்ணு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு இருக்கு. நடுவுல மெல்லிசா ஒரு எலும்புப் பாலம்."

"நோயா டாக்டர்?"

"மூக்கு ஆளுக்கு ஒரு மாதிரி இருக்குல்லா? அப்படித்தான். சிலருக்கு இந்தத் துளை வட்டமா இருக்கும், சிலருக்கு பாதாம் பருப்பு மாதிரி. ஒரே ஆளுக்கு வலது ஒரு மாதிரி, இடது ஒரு மாதிரி இருக்கும். எங்கயோ சில நூறு மண்டையோட்ட அளந்து சராசரி எடுத்து அந்த மெசினுக்குக் குடுத்துருக்காங்க. அந்தச் சராசரித் தலையோட யாரும் பொறந்ததில்ல."

"அப்போ மெசினத் திருத்தச் சொல்லலாமே."

"ஒருத்தி சொன்னா கேக்கமாட்டாங்க. ஆயிரம் தலையாவது அளந்து காட்டணும்."

"கொண்டு வாரேன்," என்றாள் ஜெசிந்தா.

ஹமீதா இரவலாகக் கொடுத்த கையடக்க ஸ்கேனருடன் ஞாயிறு தவறாமல் அலைந்தாள். கோயில் வாசல், மீன் ஏலக்கூடம், உப்பளத் தொழிலாளர் பேருந்து என்று ஓரிடத்தையும் விடவில்லை. சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர், "தலையத் திருப்பித் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். இரண்டாம் மாதம் முத்துப்பேச்சியும் சேர்ந்துகொண்டாள். இழை போட்ட நாளிலிருந்து தன் தாடை மரத்துக் கிடப்பதை அன்றுதான் வாய் திறந்து சொன்னாள். அவளுடைய துளை குறுகல். இழை நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது.

பதினொரு மாதத்தில் ஆயிரத்து நாற்பத்தாறு தலைகள். அவற்றில் அவளையும் சேர்த்து முப்பத்து நான்கு பேருக்கு இரட்டைத் துளை. ஜெசிந்தா தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டாள். தீர்ப்பாயம் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கி, துறைமுக நிறுவனத்துக்கும் ஒரு படி கொடுத்து உத்தரவிட்டது: இனி ஒவ்வொரு தலையையும் அளந்து, அதற்கேற்ற இழையையே செய்ய வேண்டும்.

முத்துப்பேச்சிக்கு மெல்லிய இழை வந்தது, மரமரப்பு போயிற்று. ஜெசிந்தாவுக்கு இரண்டாகக் கிளைத்த இழை. முதல் நாள் நான்காம் கிரேனை ஓட்டச் சொன்னார்கள். கூடவே ஐந்தாம் கிரேனும் எழுந்தது.

"அஞ்ச யாரு ஓட்டுதது?" மேற்பார்வையாளர் பதறினார்.

"அதுவும் நாந்தான் சார்," என்றாள். கிளைகள் இரண்டும் வேறு வேறு இடத்தில் அமர்ந்திருந்தன. இரண்டு கிரேன்களும் அவளுக்குத் தன் சொந்தக் கைகளாகவே இருந்தன. அன்று முழுக்க அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆறு மாதத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள்: ஒருவரே இரண்டு கிரேன் ஓட்ட வேண்டியிருப்பதால், கிரேன் பிரிவில் இனி இரட்டைத் துளை உள்ளவர்கள் மட்டும். முத்துப்பேச்சியின் இழையை உருவி, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஜெசிந்தா மேலாளரின் அறைக்குள் புகுந்தாள். அவர் மரியாதையாகவே பேசினார்.

"தலைக்கேத்த இழைன்னு நீங்கதானம்மா கேட்டீங்க. தலைக்கேத்த வேலைங்கறது அடுத்த படி. நீங்க எடுத்த பட்டியல் இல்லேன்னா மிச்சம் முப்பத்து மூணு பேரை எங்களால தேடியிருக்கவே முடியாது."

அந்த வாரமே ஒரு பெண் நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஜெசிந்தாவின் வீடு தேடி வந்தாள்.

"இவளுக்கு ஒத்தத் துளைதானாம் அக்கா. நடுவுல எலும்பு வச்சு ரெண்டாக்கிரலாம்னு ஒரு டாக்டர் சொல்லுதாரு. உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்வோம்னு வந்தேன்."

"செஞ்சிராதீங்க. பிள்ளை தலை நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்து என்ன செய்ய? வேலை குடுப்பாங்களா?"

மறுநாள் ஜெசிந்தா தன் இழையின் ஒரு கிளையை அகற்றிவிடும்படி எழுதிக் கொடுத்தாள். அகற்றினார்கள். ஒரு கை போனதுபோல் இருந்தது. ஐந்தாம் கிரேன் அசையாமல் நின்றது. முப்பத்து நான்கு பேரும் இதைச் செய்தால் நிறுவனத்துக்கு வேறு ஆளில்லை, ஒற்றைத் துளைக்காரர்களைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும்.

முத்துப்பேச்சியை அழைத்துக்கொண்டு, பட்டியலில் இருந்த முதல் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த இன்னாசி முன்பு உப்பளத்தில் வேலை பார்த்தவன், இரட்டைத் துளைக்காரன். அவனும் ஒரு கிளையை எடுத்துவிட வேண்டும் என்று அவள் சொன்னதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த வேலை நீங்க அளந்ததால எனக்குக் கெடச்சது. இப்போ நீங்களே அதப் பணயம் வைக்கச் சொல்லுதீங்களா?"

"ஆமா," என்றாள் ஜெசிந்தா. "அளந்தவ நான். அதனாலதான் நானே வந்து கேக்கேன்."

அவன் கதவைச் சாத்தவில்லை, வழியும் விடவில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். முத்துப்பேச்சியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.