சாக்கு தொங்காத வீடு

காலையில் ஜெஸ்வின் பல் தேய்த்தான். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றினான். பொங்கும் முன் அடுப்பை அணைத்தான். சட்டையை இஸ்திரி போட்டான். காபித் தம்ளரோடு பின்னறைக்குப் போனான். இறந்துபோன மனைவி பெர்சிஸின் படத்துக்கு மேலிருந்த பல்பு அணைந்திருந்தது.

கரண்ட் இருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சை யாரோ அணைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தான். ஈரம்.

மூன்றாவது முறையாக இப்படி. கதவு பூட்டியபடியே இருந்தது. இன்னொரு சாவி வீட்டுச் சொந்தக்காரி கெங்கம்மாவிடம்.

எர்ணாவூர்க் கடலோரத்தில் அந்த வரிசையில் ஏழெட்டு வீடுகள். இந்த வீட்டின் பின்னறை மட்டும் பட்டாளம் கட்டியது. ஜப்பான்காரன் கடல்வழியாக வந்துவிடுவான் என்று சென்னையே நடுங்கிய காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட காங்கிரீட் காவலறை. தடித்த சுவர். கடலைப் பார்த்து, துப்பாக்கி நீட்ட நீளமாக ஒரு பொந்து. போர் முடிந்து பட்டாளம் போனதும், கெங்கம்மாவின் மாமனார் அதை ஒட்டியே சுவர் எழுப்பி வீடாக்கிக்கொண்டார். அன்றைய உத்தரவு ஒன்று மட்டும் இந்த வரிசையை விட்டுப் போகவேயில்லை. அந்தி சாய்ந்தால் கடல் பக்கத்து ஜன்னலிலெல்லாம் சாக்கு தொங்கும். கடலுக்கு வெளிச்சம் காட்டக் கூடாது.

குடிவந்த வாரமே பெர்சிஸ் பொந்தில் தொங்கிய சாக்கைக் கழற்றி எறிந்தாள். இருட்டு அவளுக்கு ஆகாது. காற்றுக்காகப் பொந்தடியிலேயே கட்டில் போட்டுப் படுத்தாள். பல்பு விடிய விடிய எரிந்தது. மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ராயபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அவள் திரும்பி வரவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்றே படத்தைப் பொந்தடியில் மாட்டி பல்பைப் போட்டான். இனி அவளை இருட்டில் விடுவதில்லை. அவளுக்காகச் செய்ய அவனிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

கெங்கம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி உள்ள வந்தீங்களாக்கா?"

"நானா? ஏன் நைனா, எனுக்கு வேற பொயப்பு இல்லியா?"

"சாவி உங்ககிட்டதான் இருக்கு."

"அது துரு புட்சி கீது. வோணும்னா நீயே வச்சிக்கோ. பூட்டு மேல சந்தேகப்படு, என் மேல சந்தேகப்படு, அந்தப் பல்ப மட்டும் வுட்டுடாத!" சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். "அந்தப் பொண்ணாண்டயும் சொன்னேன், கேக்கல. சாக்கக் கட்டு நைனா."

"போர் முடிஞ்சு எவ்ளோ காலம் ஆச்சுக்கா."

"அதுக்கும் முந்தின சண்டையில எம்டன் கப்பலு வந்தப்போ பட்டணமே வெளக்கு எரிச்சிகினு இருந்துச்சாம். பாத்துப் பாத்து சுட்டானாம். நீ படிச்சவன். சண்ட முடிஞ்சிட்ச்சுன்னு ஒனுக்குத் தெரியும். கடலுக்கு யார் சொன்னாங்கோ?"

அவன் நம்பவில்லை. பெண்டாட்டி இல்லாத தனியாள் இங்கே இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. பயமுறுத்தித் துரத்தப் பார்க்கிறாள். புதுப் பூட்டு வாங்கினான். பெரிய பல்பு வாங்கினான். சுவிட்சை நகர முடியாதபடி டேப் போட்டு ஒட்டினான்.

அன்று அந்தியில் மேகம் கட்டியிருந்தது. கதவைப் பூட்டிவிட்டுப் பின்னறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாகச் சாக்கு இறங்கும் சரசரப்பும், யாரோ பிள்ளையை அதட்டி உள்ளே இழுக்கும் குரலும், கரையில் கொட்டிய கருங்கற்களின் இடுக்கில் அலை புகுந்து உறிஞ்சி இறங்கும் ஓசையும் கேட்டன. கூடவே மெல்ல ஏறி வந்தது ஓர் எண்ணெய் வாசனை. இந்தப் பக்கம் எண்ணெய் வாசனை புதிதல்ல. ஆனால் இதில் கரி இருந்தது. கருகிய துணி இருந்தது.

துறைமுகத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் கப்பல்கள் தூரத்தில் வழக்கம்போல விளக்கேற்றி நின்றன. வடகோடியில் ஒரு விளக்கு மறைந்தது. மேகம் என்று நினைத்தான். அடுத்தது மறைந்தது. முதலாவது திரும்பத் தெரிந்தது. ஏதோ குறுக்கே வந்துகொண்டிருந்தது. விளக்கில்லாமல்.

பிறகு இரண்டு சேர்ந்து மறைந்தன. பிறகு நான்கு. அது இப்போது குறுக்கே போகவில்லை. திரும்பியிருந்தது. இந்தப் பக்கம்.

முதுகுக்குப் பின்னால் டேப் உரியும் சத்தம்.

திரும்பினான். யாருமில்லை. பூட்டு அப்படியே. டேப்பின் முனை தானாக எழும்பிக்கொண்டிருந்தது. சுவரில் நீர் வழிந்தது. சுவிட்ச் பாதி நகர்ந்து நின்று நடுங்கியது. தெம்பில்லாத ஒரு விரல் அழுத்துவதைப் போல.

"யாரு?"

பாய்ந்து கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான். அணைக்க விடமாட்டான்.

அவன் கைமேல் ஒரு கை. சில்லென்று. புறங்கையில் பிளாஸ்திரி. ஆஸ்பத்திரியில் பெர்சிஸுக்கு டிரிப்ஸ் ஊசி மேல் நர்ஸ் ஒட்டியது. அதன் ஒரு முனை பிரிந்துகொண்டே இருக்கும். அவன்தான் அழுத்தி அழுத்தி ஒட்டிவிடுவான். இப்போதும் பிரிந்திருந்தது.

பொந்து முழுக்கக் கறுத்துவிட்டது. ஒரு கப்பல் விளக்குகூட இல்லை. வெளியே பீரங்கி குறி பார்ப்பதைப் போல இரும்பு திரும்பும் சத்தம். மெதுவாக. நின்றது.

விரலை எடுக்க நினைத்தான். வரவில்லை. பல்பு எரிந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள். பட்டப்பகல். வார்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. இதே கையால் அவன் விரலைப் பிடித்தாள். பிதற்றுகிறாள் என்று நினைத்தான்.

"பல்ப அணைச்சிருங்க. இங்க கடல்லேருந்து பாத்தா நம்ம வீடு மட்டுந்தான் தெரியுது."