அசையாத முள்

குரல் கேட்டது; முள் அசையவில்லை.

குணசேகரன் அதைத்தான் முதலில் கவனித்தார். வானொலிப் பெட்டியின் முகப்பில், மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில், வரும் ஒலியின் வலுவைக் காட்டும் அந்த முள்ளை அவர் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பார்த்துப் பழகியிருந்தார். எத்தனை மெலிந்த குரலாயினும் அது வந்து சேரும்போது முள் மயிரிழையளவாவது எழும். எழாமல் எந்தக் குரலும் வந்ததில்லை. இப்போதோ முள் சுழியத்தின்மீது செத்த பூச்சியைப் போலக் கிடக்க, ஹெட்போனுக்குள், கடல் இரைவதைப் போன்ற அந்த முடிவற்ற இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒருவர் நிதானமாகத் தம் அழைப்புக் குறியைச் சொல்லிவிட்டு, அதன்பின் எண்களைச் சொன்னார்.

"ஃபைவ் நைன், சிக்ஸ் டூ."

திருத்தணி மலையடிவாரத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியறையில் உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானலையில் பேசுபவர்களின் அமெச்சூர் வானொலிச் சங்கம் இயங்கிவந்தது. சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கிய போட்டி, மறுநாள் அதே நேரத்தில் முடியும். விதி எளியது. வானில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் தம்மை அடையாளம் காட்டும் அழைப்புக் குறியைச் சொல்லி, மற்றவர் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை ஐம்பத்தொன்பது வரையுள்ள ஓர் எண்ணால் சொல்லி, கடைசியாகத் தம் வயதைச் சொல்ல வேண்டும். இருவரும் எழுதிக்கொண்டால் ஒரு புள்ளி. அதற்குமேல் ஒரு சொல் பேசினாலும் நேரம் வீண்.

"இன்னா சார், எவனாவது மாட்னானா?" என்றான் ராஜகோபால். கீழ்த்தெருவில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவன். கணிப்பொறியில் பதிவு செய்வது இந்த ஆண்டு அவன் பொறுப்பு. "இந்த ஜப்பான்காரனுங்க எல்லாம் எம்பது, எம்பத்தஞ்சுன்றானுங்க. இந்தப் போட்டிய எடுத்துட்டா அவங்களுக்குப் பொழப்பே இல்ல போல."

"வெறும் இரைச்சல்" என்றார் குணசேகரன்.

பொய். அழைப்புக் குறியின் கடைசி எழுத்தை, மாட்டை ஓட்டுகிறவன் குரல் கொடுப்பதைப் போல இழுத்துச் சொல்லும் வழக்கம் அவருக்குத் தெரிந்து ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் பக்தவச்சலம், இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர். சென்ற ஆண்டு இதே போட்டியில், இதே நாற்காலியிலிருந்த குணசேகரனிடம் அவர் சொன்ன வயது அறுபத்தொன்று.

வயதைச் சொன்னதோடு அன்று அவர் நிறுத்தவில்லை. "பிரேக், பிரேக்" என்றார். "குணா, கம்பம் மேல வுழுந்துடுச்சு. இடுப்புக்குக் கீழ மாட்டிகினு இருக்குது. வூட்ல யாரும்…"

எந்தப் போட்டியானாலும், "பிரேக்" என்று ஒருவர் குறுக்கிட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கேட்க வேண்டும். உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்தச் சங்கத்தில் சொல்லித்தரப்படும் முதல் பாடம் அது. சொல்லித் தருபவர் குணசேகரன். ஆனால் அந்த நிமிடத்தில் ஜப்பானுக்கு அலைவழி திறந்திருந்தது. இருபது முப்பது நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து அழைத்துக்கொண்டிருந்தன. பக்தவச்சலம் சொன்ன வயதை அவர் எழுதிக்கொண்டார், ஒரு புள்ளி. "நன்றி" என்றார். அடுத்தவரை அழைத்தார். ஐந்து நிமிடம் கழித்துக் கவனிக்கலாம் என்று எண்ணியது உண்மை. ஐந்து நிமிடம் கழித்து அதே குரல் மீண்டும் வந்தபோது, அலைவரிசைக் குமிழைச் சற்றே திருப்பி, குரல் எட்டாத இடத்துக்குப் போய் அமர்ந்ததும் உண்மை. வேறு யாராவது கேட்டிருப்பார்கள் என்று பின்னர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அதை மறதி என்று அழைத்தால் மறதி என்னும் சொல்லுக்குப் பொருளே இல்லாமற்போகும்.

பக்தவச்சலத்தின் மனைவி கோவிந்தம்மாள், பொதட்டூர்பேட்டையில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தவர், திங்கட்கிழமை காலையில் திரும்பினார். கே.ஜி.கண்டிகை வீட்டின் மொட்டை மாடியில், சாய்ந்த ஆன்டெனாக் கம்பத்தின் அடியில் கணவரைக் கண்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை வரையில் உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். சங்கம் அந்த ஆண்டு ஒரேயொரு புள்ளி வேறுபாட்டில் கேடயம் வென்றிருந்தது.

இப்போது பிற்பகல் மணி மூன்றரை. சன்னலுக்குக் கீழே மொட்டையடித்த தலைகள் சந்தனம் பூசிக்கொண்டு மலைப்படிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. வெயிலில் காய்ந்த சந்தனத்தின் மணமும், பெட்டிக்குள் சூடேறிய தூசியின் நெடியும் கலந்து அறைக்குள் நின்றன. குணசேகரன் ஓர் இந்தோனேசியரைப் பிடித்தார். ஒரு தாய்லாந்துக்காரரைப் பிடித்தார். ஒவ்வொரு குரலுக்கும் முள் எழுந்தது, விழுந்தது. பிடரியில் வழிந்த வியர்வையை அவர் துடைத்துக்கொண்டபோது முள் விழுந்தது, எழவில்லை.

"…யாரும் இல்ல. மூச்சு வாங்க முடியல, குணா. கோவிந்தம்மா நாளன்னிக்குத்தான் வருவா. நீ வா."

சென்ற ஆண்டு அவர் கேட்காமல் விட்ட மீதி அது. அறுத்த இடத்திலிருந்தே தொடங்கியது.

அவர் குமிழைத் திருப்பினார். இரண்டு கிலோஹெர்ட்ஸ். ஐந்து. பத்து. ஒவ்வோர் இடத்திலும் வேற்று நாட்டவரின் குரல்கள் தோன்றி மறைந்தன. அவற்றுக்கு அடியில் அந்த ஒரு குரல் மட்டும் நகராமல், தேயாமல், முள்ளைத் தொடாமல் கிடந்தது.

"சார், தாய்லாந்துக்குப் பெறகு ஒண்ணும் சொல்லல. தூங்கிட்டீங்களா?"

"கொஞ்சம் இரு."

அப்போது படியேறும் காலடி கேட்டது. கோவிந்தம்மாள் வந்தார். இந்த ஆண்டுப் போட்டியைப் பக்தவச்சலத்தின் நினைவாக நடத்துவதென்று சங்கம் தீர்மானித்து, அவரை அழைத்திருந்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் குணசேகரன். கையில் ஒரு தூக்கில் மோர். முகத்தில் துயரமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. பேருந்தில் வந்த களைப்பு மட்டும் இருந்தது.

"வெயில்ல கத்திகினு இருப்பீங்க, தொண்ட காஞ்சிடும்னு கொணாந்தேன்" என்றார். ராஜகோபாலுக்கு ஊற்றிக் கொடுத்தார். குணசேகரனுக்கு ஊற்றும்போது, எத்தனையோ முறை கேட்டதை அன்றும் கேட்டார்.

"அன்னிக்கு அவரு உன்கிட்ட பேசவே இல்லியா, குணா?"

"இல்லீங்க அக்கா."

"கையில இருந்த ரேடியோவுல பேட்டரி சுத்தமா தீந்துபோயிருந்துச்சி. நான் கெளம்புன அன்னிக்குக் காலையிலதான் போட்டாரு. அவ்ளோ நேரம் யார்கிட்டதான் பேசி இருப்பாரோ."

மோர் புளித்திருந்தது. குணசேகரன் விழுங்கினார். ஹெட்போன் ஒரு காதில் மட்டும் இருந்தது. அந்தக் காதில் பக்தவச்சலம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மாவும் கேக்கட்டும் சார்" என்றான் ராஜகோபால். "ஸ்பீக்கர்ல வுட்டுடறேன்."

"வேணாம். சிக்னல் வீக்கா இருக்கு."

"அவரு உக்காந்த எடத்துல என்னா சத்தம் வரும்னு ஒரு தபா கேட்டுட்டுப் போறேன்" என்றார் கோவிந்தம்மாள்.

"அக்கா, வேணாங்க."

ராஜகோபால் ஏற்கெனவே கை நீட்டியிருந்தான். ஹெட்போன் செருகியைப் பிடுங்கினான். அறை முழுவதும் இரைச்சல் பரவியது. முள் சுழியத்தில் கிடந்தது.

"வாயில அரிசி போட்டீங்க" என்றது ஒலிபெருக்கி. "நீயும் போட்ட, குணா. அப்பவும் கூப்ட்டுகினுதான் இருந்தேன். கொள்ளி வெச்சாங்க. அப்பவும் கூப்ட்டுகினுதான் இருந்தேன். நீ பக்கத்துலதான் நின்னுகினு இருந்த."

"தோ, வெறும் கொர்ருனு வருது" என்றான் ராஜகோபால். "ஜப்பான் சாயங்காலம்தான் மறுபடி திறக்கும்."

அவனுக்குக் கேட்கவில்லை. குணசேகரன் அவன் முகத்தைப் பார்த்தார், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். அடுத்து கோவிந்தம்மாளைப் பார்த்தார்.

அவருக்குக் கேட்டிருந்தது.

அவர் அலறவில்லை. மேசையருகே வந்து, மேலே கறுப்புக் கம்பி வலை பொருத்திய அந்த ஒலிபெருக்கியின்மீது, காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதைப் போல உள்ளங்கையை வைத்தார்.

"வலிக்குதாங்க?"

"ஆங்."

"இன்னா வேணும் உங்களுக்கு?"

"குணாவ அனுப்பு. தூக்கச் சொல்லு."

இரைச்சல் மட்டும் மிஞ்சியது. ராஜகோபால் தலை திருப்பி, "யாரக் கேக்கறீங்கம்மா?" என்றான்.

"ஒண்ணும் இல்ல கண்ணு." கோவிந்தம்மாள் குனிந்து, குணசேகரனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இவன்கிட்ட நான் எதுவும் சொல்லல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ என்கூட வா."

ஓராண்டாகக் குணசேகரன் அஞ்சியது ஒன்றே ஒன்று: இந்தப் பெண்மணிக்குத் தெரிந்துவிடுவது. தெரிந்துவிட்டது, ஊருக்குத் தெரியாது. நெஞ்சுக்குள் ஏதோ இளகியதை அவர் உணர்ந்தார். கோவிந்தம்மாள் சொன்னதைக் கருணை என்று எடுத்துக்கொண்டார். எழுந்தார்.

இருவரும் ஆட்டோவில் போனார்கள். கே.ஜி.கண்டிகையில் டீக்கடைக்காரர் கோவிந்தம்மாளுக்கு வணக்கம் வைத்தார். வீட்டுக்குள் நெல் உமியின் வாசனை. கூடத்துக் கூஜாவிலிருந்து ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர் முன்னே படியேற, குணசேகரன் பின்னே ஏறினார்.

மொட்டை மாடி வெறுமையாக இருந்தது. கம்பத்தை அப்போதே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். மூலையில் நான்கு ஆணித் துளைகள். தரையின் குறுக்கே, மழைக்கறை படியாத, மனிதன் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரு வெளிறிய பட்டை. தொலைவில் மலைக்கோயில் கோபுரத்தின்மீது வெயில் இன்னும் தகித்துக்கொண்டிருந்தது.

"தூக்கு" என்றார் கோவிந்தம்மாள்.

"இங்க ஒண்ணும் இல்லீங்களே, அக்கா."

"தூக்கு, குணா."

பித்துப் பிடித்துவிட்டது இவருக்கு என்று எண்ணிக்கொண்டார். அந்த எண்ணம் ஆறுதலாக இருந்தது. அவர் சொற்படி ஒருமுறை குனிந்து எழுந்தால் தீர்ந்தது. குனிந்தார். வெளிறிய பட்டைக்கு மேலே, முழங்கால் உயரத்தில், இரு கைகளையும் ஏந்தினார்.

உள்ளங்கைகளில் இரும்பு பட்டது.

சுட்டது. நாள் முழுவதும் வெயிலில் கிடந்த இரும்பு. துரு உதிர்ந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எடை தோள் வரையில் இறங்கியது. அவர் பல்லைக் கடித்து ஒரு சாண் உயர்த்தினார். கீழே யாரோ மூச்சை இழுத்தார்கள். ஓராண்டாக அடக்கிவைத்த மூச்சு. நீளமாக. இன்னும் நீளமாக.

"இப்போ பரவாயில்ல" என்றது கீழிருந்து வந்த குரல்.

கோவிந்தம்மாள் தரையில் அமர்ந்தார். டம்ளரைச் சாய்த்தார். தண்ணீர் சிமெண்டில் விழவில்லை. விழுங்கும் ஓசை கேட்டது. முந்தானையால் வெறுங்காற்றைத் துடைத்துவிட்டார்.

"அக்கா, கை வலிக்குது. எறக்கிடட்டுமா?"

"எறக்குனா அவரு மேலதான் வுழும்."

"எவ்ளோ நேரங்க அக்கா?"

"ரெண்டு நாள் கெடந்தாரு. நீ இன்னும் அஞ்சு நிமிஷம்கூட நிக்கல." அவர் எழுந்தார். "அவருக்குச் சோறு ஆக்கிக் கொணாறேன். பசிச்சிருக்கும்."

படிக்கட்டுக் கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. அடுப்பங்கரையில் அரிசி களையும் ஓசை.

தெருவில் டீக்கடைக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார். மாடியில் ஒருவர் முதுகு வளைத்து, எதையோ பெற்றுக்கொள்பவரைப் போல இரு கைகளையும் ஏந்தி நின்றுகொண்டிருந்தார். உடற்பயிற்சி போலும். அவர் பாலை ஆற்றத் தொடங்கினார்.

குணசேகரன் கத்த வாய் திறந்தார். கத்தினால் எடை வழுக்கும். மூடிக்கொண்டார். உள்ளங்கைத் தோல் கிழிந்தது. விரல்களுக்கிடையே ஈரம் வழிந்தது. இரும்பு ஒரு விரற்கடை இறங்கியது. கீழே எலும்பு நெறிபட்டது. அவர் மீண்டும் உயர்த்தினார்.

அப்போது அவருடைய கணுக்காலைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை பற்றியது. சாம்பலைப் போல மென்மையான கை. அதன் கட்டைவிரல், பேசுமுன் கைவானொலியின் விசையை அமுக்குவதைப் போல, அவர் சதையை அமுக்கியது. பதிலுக்காகக் காத்திருந்தது. விட்டது. மறுபடியும் அமுக்கியது.