புள்ளிகளுக்குள் ஒளிந்த எண்

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்க யார் கையும் நீளவில்லை. தங்கையின் கையில் விமானப் பயிற்சிப் பள்ளியின் கடிதம் இருந்தது. அவள் மகனின் மருத்துவச் சான்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். நிறம் பார்க்கும் பரிசோதனைக்கு மறுபடி வரவேண்டுமாம்.

"குளிர்ந்துச்சாக்கா மனசு? உன் பிள்ளைக்குக் கிடைக்காதது என் பிள்ளைக்கு எதுக்குன்னு டாக்டர்கிட்ட போட்டுக் குடுத்துட்டியே!"

"நான் எதுவும் சொல்லலடி..."

"வேற யாருக்குத் தெரியும்? பரிசோதனைக்குச் சொல்லிக்குடுத்ததே நீதானே!"

அக்காளும் தங்கையும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் குப்பை கொட்டுகிறவர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. விமானிப் பரிசோதனைக்காக மூத்தவள் தன் மகனுக்கு, வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களைப் பக்கவாரியாக மனப்பாடம் செய்வித்தாள். டாக்டர் பக்கத்தை மாற்றிப் புரட்டினார், கதை முடிந்தது. அவன் இப்போது விமானத்தில் பெட்டி ஏற்றுகிறான்.

அடுத்து தங்கை மகனுக்கு, பக்க வரிசை வேண்டாம், புள்ளிகளின் அமைப்பைப் பார் என்று மூத்தவளே சொல்லிக்கொடுத்தாள். வயிறு எரிய எரியச் சொல்லிக்கொடுத்தாள். அவன் தேறினான். அவனுடைய வெள்ளைச் சட்டையைத் தேய்க்கும்போதெல்லாம் தோள்பட்டையில் இஸ்திரிப் பெட்டியை ஒரு நொடி கூடுதலாக வைப்பாள். தீயவிட்டதில்லை.

"வாய் தவறிச் சொல்லியிருப்பே," என்றார் மூத்தவளின் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

தங்கை சொன்னதைவிட அதுதான் அவளைச் சுட்டது. உள்ளே போய்ப் பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு வந்தாள். வாசலில், பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த தங்கை மகன் பெட்டியோடு நின்றான்.

"எங்க கிளம்பிட்டீங்க பெரியம்மா?"

"உன்னைக் காட்டிக் குடுத்துட்டு ஓடறா!" என்று கத்தினாள் அவன் தாய்.

"அவங்க என்ன பண்ணாங்க? டாக்டர்கிட்ட சொன்னது நான்தாம்மா." பெட்டியைக் கீழே வைத்தான். "விமானம் இறங்கும்போது ஓடுபாதை ஓரத்துல சிவப்பும் வெள்ளையுமா நாலு விளக்கு இருக்கும். எல்லாம் சிவப்பாயிட்டா ரொம்பத் தாழ வர்றோம்னு அர்த்தம். எனக்கு எது சிவப்பு, எது வெள்ளைன்னே தெரியல. வாத்தியார் கைப்பிடியைப் பிடுங்கலைன்னா... அன்னிக்கே போய்ச் சொல்லிட்டேன். பெரியம்மா பேரை எடுக்கல."

செய்தித்தாள் மெல்லத் தாழ்ந்தது. தங்கை ஓடிவந்து அக்காள் தோளில் விழுந்தாள். "மன்னிச்சிடுக்கா... பாவி நான்!"

மூத்தவள் அசையவில்லை.

"நான் சொல்லலடி. ஆனா கடுதாசியை நீ படிச்சப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதையும் தெரிஞ்சுக்கிட்டு அழு."

தங்கையின் அழுகை சட்டென்று நின்றது. பிடி மட்டும் தளரவில்லை.

"உன் பிள்ளை தோத்த அன்னிக்கு," என்றாள், தோளிலிருந்து முகத்தை எடுக்காமல், "எனக்கும் அப்படித்தான்க்கா இருந்துச்சு..."

மூத்தவள் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு அவளை இறுக்கிக்கொண்டாள்.