பொந்துக்குள் இருப்பவள்

“நாளைக்கு வேலைக்குப் போகாதீங்கப்பா.”

இந்த ஒன்றை மட்டும் எப்போதும் கேட்கக் கூடாது என்று அம்மா அழகம்மா சொல்லி வைத்திருந்தாள். காய்ச்சலா, மருந்து கேள். பள்ளிக்கூடத்துக்குக் கொப்பி வேண்டுமா, கேள். அப்பாவை வேலைக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. அவர் போகாவிட்டால் அடுப்பும் லீவு போட்டுவிடும்.

பாலாம்பிகை கேட்டேவிட்டாள்.

அப்பா இருளப்பன் சுவரில் சாய்ந்து, தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. “ஏம்மா?” என்றார்.

மற்ற நாளெல்லாம் அவருக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மேல்காட்டில் மரம் வெட்டு. மேல்காடு மிகப் பழையது. தோட்டம் வருவதற்கு முன்பே அங்கே நின்றது. காடும் அழியக் கூடாது, பலகையும் வேண்டும் என்று அரசாங்கத்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். வெட்டலாம் என்கிற மரத்துக்கு மட்டும் வெள்ளைச் சாயம் பூசிவிட்டுப் போவார்கள். அதை வத்தேகமப் பக்கம் மர ஆலை வைத்திருக்கும் பளீல் முதலாளி வாங்குவார். மற்றவற்றைத் தொடக் கூடாது.

தொடக் கூடாதுதான். ஆனால் நாளைக்கு வெட்டப்போகும் பெரிய மரம் விழுகிற வழியில் ஒரு பொந்து மரம் நின்றது. அதற்குச் சாயமில்லை. அறுத்தால் ஒரு பலகைகூடத் தேறாது. இருந்தாலும் வழியை மறிக்கிறதே, அதனால் அதை முதலில் சாய்த்துவிடுவார்கள். பொந்து மரத்துக்காக யாரும் கேள்வி கேட்பதில்லை.

பாலாம்பிகை விறகு பொறுக்கப் போனபோது அந்த மரத்தைப் பார்த்திருந்தாள். அலகு நீண்டு வளைந்த ஓர் இருவாட்சிப் பறவை பழம் கொண்டுவந்து, பொந்தின் சிறு வெடிப்புக்குள் நீட்டியது. உள்ளேயிருந்து இன்னோர் அலகு வாங்கிக்கொண்டது.

“உள்ள அதோட பொண்டாட்டி இருக்குப்பா. குஞ்சும் இருக்கு.”

அதற்கெல்லாம் வழக்கம் ஒன்று உண்டு என்றார் அப்பா. மரம் வெட்டுகிறவர்கள் முதல் நாளே மரத்தடியில் நின்று கும்பிடுவார்கள். இங்கே குடியிருக்கும் சீவன்களே, நாளைக்கு வெட்டப்போகிறோம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருவார்கள். இன்று பொழுது சாயும்போது அவரும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

“அவ எப்படிப்பா போவா? வாசலை மண்ணு வச்சு அடைச்சுக்கிட்டுல்ல உள்ள இருக்கா. குஞ்சு வளர்ந்தாத்தான் உடைச்சுக்கிட்டு வருவா.”

அப்பா சாய்ந்திருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் இருந்த வேலாயி குடும்பத்துக்கும் அரசாங்கத்தில் இப்படித்தான் சொன்னார்கள். நாள் குறித்து, இந்தியாவுக்குப் போ என்றார்கள். போனார்கள். அவர்களுக்காவது வெளியே போக ஒரு கதவு இருந்தது.

காலையில் அப்பா புறப்பட்டார். போகாமலிருக்க அவரால் முடியாது. பாலாம்பிகையும் பின்னாலேயே ஏறினாள். அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டது காதில் விழாத மாதிரியே நடந்தாள்.

காட்டோரத் தகரக் கொட்டகையில் பளீல் முதலாளி கதிரையில் சரிந்து, பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். இரவெல்லாம் பழுதான லொறியோடு மல்லுக்கட்டியதில் கண் சிவந்திருந்தது. பொந்து மரத்தை விட்டுவிடுங்கள் என்று பாலாம்பிகை சொன்னதும், அவர் கொட்டாவி விட்டார்.

“ஒவ்வொரு குருவிக்கும் பாவம் பார்த்தா, நான் ஆலையை மூடிட்டுக் கூடுதான் கட்டோணும் மகள்.”

“பெரிய மரத்தை வெட்ட வேணாம்னு சொல்லல மொதலாளி. மறுபக்கம் விழுத்துங்க.”

அது ஏலாது என்றார் அவர். வெட்ட இருப்பது இரண்டே பேர். மறுபக்கம் விழுத்துவதென்றால் கயிறு கட்டி இழுக்கவே பத்துப் பேர் வேண்டும். அத்தனை பேருக்கு யார் கூலி கொடுப்பது?

பாலாம்பிகை வாசல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினாள். “போன கிழமை வெட்டின மரம் அந்தப் பாறையில விழுந்து பிளந்துபோச்சு. யாருக்கும் ஆகாம அங்கயே கிடக்கு. பொந்து மரத்தைச் சாச்சிட்டா இதுவும் அதே பாறையிலதான் விழும். மறுபக்கம் பாருங்க, முழுக்க இலை அடர்ந்த பன்னச் செடி. மெத்தை மாதிரி.”

முதலாளி கோப்பையைக் கீழே வைத்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா பாறையைப் பார்த்தார். இருவருக்கும் தெரிந்த விஷயம்தான். அலுப்பில் ஒருவரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

“லொறி பகல் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வரும்,” என்றார் முதலாளி. “அதுக்குள்ள இழுக்க ஆள் வந்தா மறுபக்கம் விழுத்துங்க. வராட்டி பொந்து மரம்தான் முதல்ல. கூலி கேக்க வேணாம். தேத்தண்ணி தாறேன்.”

அப்பா பெருமூச்சு விட்டார். கிழமை முழுக்கக் கூடை சுமந்த சனம், இன்றைக்கு ஒரு நாள்தான் முதுகைச் சாய்த்துக் கிடக்கிறது, அதில் யாரைப் போய் எழுப்புவாய் என்று கேட்டார். மலை ஏறிய களைப்பில் பாலாம்பிகைக்கே எங்காவது படுத்தால் போதும் போலத்தான் இருந்தது.

“நீங்க கயித்தை எடுத்து வைங்கப்பா,” என்றாள்.

பதிலுக்கு நிற்காமல் கொட்டகையை விட்டு வெளியே வந்து, தோட்டத்து வீடுகள் வரிசையாய் நிற்கும் லயத்தை நோக்கி இறங்கினாள். முதலில் தட்டப்போகும் கதவு எது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். தன் வீட்டுக் கதவுதான்.

அம்மா திட்டுவாள். திட்டிக்கொண்டே வருவாள்.