முப்பத்தாறு புள்ளி எட்டு

யூவென் மீன் உருண்டை சூப்பைக் குடித்துவிட்டுச் சோதனைக் கூடத்துக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டரை. விளக்குகளை அணைத்துத் திரைகளை இறக்கியிருந்தார்கள். சீனாவின் ஃபுஜியான் கரையோரத்து அந்த பேட்டரித் தொழிற்சாலையில் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை வரை தூக்கம். வரிசையாக மடக்குக் கட்டில்கள். முகங்களின் மேல் துண்டு.

பிரிவுத் தலைவர் தெங் மட்டும் விழித்திருந்தார்.

“ரெண்டு மணிக்கு கார் கம்பெனிக்காரங்க வர்றாங்க. இன்னும் மூணு சுத்து ஓடணும். சென்சாரை ஓரத்துக்கு மாத்திடு.”

ஆறே நிமிடத்தில் பேட்டரி நிறைய வேண்டும் என்பது இலக்கு. அவ்வளவு வேகமாக மின்சாரத்தைத் திணித்தால் அதன் நடுவயிறு கொதிக்கும். ஐம்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் சோதனை தானாக நின்றுவிடும். சூட்டை அளக்கும் சென்சாரை நடுவில் ஒட்டாமல் ஓரத்தில் ஒட்டினால் குறைவாகத்தான் காட்டும்.

“ஃபான் அண்ணனுக்குச் செஞ்ச மாதிரியா, சார்?”

“அதை அவனே மாத்தினான்னு எழுதிக் கொடுத்தவ நீதானே. கையெழுத்து அழகா இருந்துச்சு.”

நாற்பது நாளுக்கு முன், திரையில் நாற்பத்தொன்று என்று பார்த்துத்தான் ஃபான் பேட்டரியை உள்ளே வைத்துச் சோதிக்கும் இதே இரும்பு அறையின் கதவைத் திறந்தார். நெருப்பு அவர் முகத்தில்தான் முதலில் பிடித்தது. அவர் பிழைக்கவில்லை.

யூவென் மாற்றினாள். கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்திவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாள்.

திரையில் நாற்பது. நாற்பத்திரண்டு.

பிறகு முப்பத்தாறு புள்ளி எட்டு.

அப்படியே நின்றது.

பின்கழுத்தில் ஏதோ ஜில்லென்று ஒட்டியது. நகப்பூச்சு போல ஒரு தித்திப்பு வாடை, பேட்டரி கசியும்போது வருவது.

“அசையாதம்மா,” என்றது காதோரம் ஃபானின் கரகரத்த குரல். “ரீடிங் கெட்டுடும்.”

கையைக் கொண்டுபோனாள். நாடா. அதன் கீழே மெல்லிய கம்பி. பிய்க்கப் பார்த்தாள், தோலும் சேர்ந்து வந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கழுத்தில் வைத்தாள்.

திரையில் முப்பத்து மூன்று.

எடுத்தாள். முப்பத்தாறு புள்ளி எட்டு.

அந்த எண் பேட்டரியுடையது இல்லை, அவள் உடம்புடையது.

“என்னடி இது, சூடே ஏறல?” தெங் எழுந்து வந்தார். “கரண்ட் கிளிப் தளந்துருக்கும். ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியுதா?”

கதவை நோக்கி நடந்தார். உள்ளே சன்னமாகச் சீறல்.

திறக்காதீங்க என்று ஒரு சொல் போதும். ஏன் என்று கேட்பார்கள். இந்தச் சென்சார், அந்தச் சென்சார், ஃபான், அறிக்கை, எல்லாம் வெளியே வரும்.

தெங் கைப்பிடியைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தார்.

“முப்பத்தாறுதானே?”

“ஆமா சார்,” என்றாள் யூவென்.

கதவு திறந்தது. துண்டு போர்த்தியிருந்தவர்கள் அவர் கத்தலில்தான் விழித்தார்கள்.

மூன்று மணிக்குத் தொழிற்சாலை மருத்துவ அறையில் அவளை உட்கார வைத்தார்கள். கழுத்தில் நாடா இல்லை. தோல் உரிந்த தடம் மட்டும். மடியில் அறிக்கைத் தாள். ‘சென்சாரை மாற்றியது பிரிவுத் தலைவரே’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

நர்ஸ் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் கருவியைப் பிடித்தாள்.

“ஐம்பத்தெட்டா?” சிரித்தாள். “உன்னை வெச்சு முட்டை அவிக்கலாம் போலிருக்கே.”

மறுபடி பிடித்தாள். அறுபத்து நான்கு.

“கெட்டுப்போச்சு. வேற எடுத்துட்டு வர்றேன்.”

கருவியை மேசையில் சுவர்ப்பக்கமாக வைத்துவிட்டுப் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது, அந்தச் சோதனை அறையின் கதவு போல.

யூவென் மூச்சு விட்டாள். அதில் அந்தத் தித்திப்பு வாடை.

யாரும் தொடாமலே, சுவரைப் பார்த்திருந்த கருவியில் எண் ஏறிக்கொண்டே இருந்தது.