நாற்பத்தொரு குறிப்புகள்

தையற்காரர் காலையிலேயே துப்பறிவாளர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"என் வீட்டுக்காரம்மா தப்பே பண்ணலைங்க. ஆஸ்பத்திரிக்காரங்க சாயங்காலம் போலீசுக்குப் போறாங்களாம்."

மனைவி ஒரு மருத்துவமனையில் பதிவு எழுத்தர். நேற்று ஒரு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத ஊசி போடப்பட்டது. அவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. எச்சரிக்கைக் குறிப்பு இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். அதை அழித்தது எழுத்தர்தான் என்று கணினிப் பொறுப்பாளர் சாதித்தார்.

துப்பறிவாளரை ஊரார் 'நிதானம்' என்பார்கள், அவருடைய கூட்டாளியை 'அவசரம்'. பெயர் வைத்தவர்கள் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

தையற்காரர் இருவரையும் பதிவறைக்கு அழைத்துப்போனார். எழுத்தர் அழுது வீங்கிய முகத்துடன் திரையைக் காட்டினார்.

?????????? ??? ?????. 2 ???? ???????

"வேணும்னே அழிச்சிருக்காங்கக்கா!" என்று அவசரம் குதித்தார்.

"அழிக்கிறவங்க இடைவெளியையும் ரெண்டையுமா பத்திரமா விட்டுவெப்பாங்க?" என்ற நிதானம், மற்ற பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆயிரக்கணக்கில் நாற்பத்தொன்று மட்டும் இப்படி. அந்த நாற்பத்தொன்றிலும் போன மாதம் தொலைபேசி எண் திருத்தப்பட்டிருந்தது.

பொறுப்பாளரை அழைத்தார்கள்.

"நம்பரைத் திருத்தினது யாருங்க?"

"நான்தான். இவங்க திரையில திருத்த வழியில்ல. டேட்டாபேஸை நேரா நிர்வாக டூல்ல திறந்து மாத்தினேன். அதுக்கென்ன?"

"திருத்தாத ஒரு பதிவை அதுல திறங்க."

திறந்தார். எழுத்தரின் திரையில் நல்ல தமிழாக இருந்த குறிப்பு, அங்கே கேள்விக்குறிகளாக நின்றது.

"அது எப்பவுமே அப்படித்தான் தெரியும். தெரியிறதுலதான் கோளாறுன்னு விட்டுட்டேன்."

"பார்த்துட்டு மூடினா தெரியிறதுல மட்டும்தான் கோளாறு," என்றார் நிதானம். "உங்க டூல் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுல பேசல. அதுகிட்ட தமிழுக்கு இடமில்ல. எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாத்துக்கும் ஆளுக்கொரு கேள்விக்குறி போடுது. எண்ணு, இடைவெளிக்கெல்லாம் இடம் இருக்கு, அதான் ரெண்டு தப்பிச்சுது. நீங்க நம்பரை மாத்திச் சேமிச்சப்போ, அது தன் கண்ணுல பட்ட முழுப் பதிவையும் திருப்பி எழுதிடுச்சு."

பொறுப்பாளர் திரையையே திரும்பத் திரும்பப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தவர் அவர்.

"டூலை யூனிகோடுக்கு மாத்தினா பழசு வந்துடாதா?" என்றார் அவசரம்.

"மத்ததெல்லாம் சரியாத் தெரியும். இந்த நாற்பத்தொண்ணுல கேள்விக்குறியேதான் பதிவாகியிருக்கு. காப்புப் பிரதி இருக்கா?"

"இருக்கு," என்றார் பொறுப்பாளர். "அதையும் இதே டூல்லதான் எடுத்தேன்."

தையற்காரர் மனைவியின் தோளைத் தொட்டார். "உன் மேல தப்பில்லன்னு ஆயிடுச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

"மிச்சம் நாற்பது பேர் இருக்காங்களே," என்றார் எழுத்தர். நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் எண்ணை அழைத்தார். மறுமுனையில் ஒரு பெண் எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன்மா. உங்களுக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

"அன்னைக்கே உங்ககிட்டதானேம்மா சொன்னேன்? எழுதிக்கிட்டீங்களே!"

எழுத்தர் பேனாவை எடுத்தார். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா," என்றார்.