பூசை மாத்திரை

“அண்ணாச்சி, அந்த அட்டை எனக்கு!”

“ஏங்க... நான்தானே முதல்ல கேட்டேன்!”

மருந்துக்கடை மேஜையில் கிடந்த கடைசி மாத்திரை அட்டையின் ஒரு முனையில் ஜெர்லினின் விரல். மறுமுனையில் கறுத்த, முரட்டு விரல் ஒன்று. நிமிர்ந்தாள். அம்மாடி... என்ன கண்கள்! கடலைப் பார்த்துப் பார்த்தே கிறங்கிப்போனவை போல... வெளியே ஆடிக்காற்று மணலை வாரி இறைத்தது. மாதா கோயில் திருவிழாக் கூட்டம் சாலையை நிறைத்திருந்தது. அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை.

“மூட்டுவாதத்துக்கு வாரம் ஒண்ணு போடுற மாத்திரைதானே? எனக்கும் அதேதான்” என்றான் அவன், கடை முழுக்கக் கேட்கும்படி.

“ஸ்ஸ்... மெல்லப் பேசுங்களேன்!” துப்பட்டாவால் அட்டையை மூடினாள். பாவி மனுஷன், ஊரையே கூட்டுறானே!

“எதுக்கு மெல்ல? நான் என்ன கஞ்சாவா வாங்குதேன்? பேரு பிரைட்டன். ஹார்பர்ல கிரேன் ஓட்டுதேன்.”

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வாய்ப்புண் சுரீரென்றது. முகத்தைச் சுளித்தாள்.

அவனைப்போல உரக்கச் சொல்ல அவளால் எப்படி முடியும்? விரல்கள் வீங்கத் தொடங்கிய நாளிலிருந்து அம்மா விஜிலா அந்த நோயை மூடி மூடி வைத்திருக்கிறாள். வீட்டுக்குள்கூட யாரும் பெயர் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்ததும் போடுவதால் அதற்குப் ‘பூசை மாத்திரை’ என்று பெயர். பெண்ணுக்கு முடக்குநோய் என்று தெரிந்தால் எவன் கட்டுவான்?

“சரி, பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. கொஞ்ச வாரம் ஓடிரும்லா?” என்று கத்தரிக்கோல் கேட்டான் பிரைட்டன்.

“பாதி பத்தாது. போன வாரம் வாங்குனதே தீந்துட்டுன்னு சித்தி சொன்னா...”

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. “தீந்துட்டா? வாயில புண்ணு இருக்கா?”

“ஆமா... சூடுன்னு நினைச்சேன்.”

“காய்ச்சல்?”

“லேசா...” கைபேசியை எடுத்துச் சித்தி அந்தோணியம்மாளை அழைத்தாள். திருவிழாவுக்காகக் கீழவைப்பாரிலிருந்து வந்து அடுக்களையை ஏற்றிருப்பவள்.

“பூசை முடிஞ்சு வந்தா குடுன்னுதானளா உங்கம்மா சொன்னா?” சித்தியின் குரலில் ஒரே பெருமை. “கோயில்ல கொடியேத்துனதுல இருந்து நீ தினமும் பூசைக்குப் போற. நானும் சத்து மாத்திரையோட சேத்து கிண்ணத்துல போட்டுத் தாரேன். ஒருநாளாவது தவறுனேனா?”

விடியற்காலைப் பூசை முடிந்து வந்த அரைத்தூக்கத்தில் கிண்ணத்தில் கிடந்ததை எல்லாம் அப்படியே விழுங்கியது அவள்தானே!

“வாரத்துக்கு ஒருதடவைதாங்க இது மருந்து. தினமும் போட்டா வெசம்” என்றான், சித்தியின் உரத்த குரலைக் கேட்டுவிட்ட பிரைட்டன். “ரத்தத்தையே குறைச்சிரும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போணும்.”

அம்மாவை அழைத்தாள். அம்மா அழுதாள், பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க ஏளா! ஆஸ்பத்திரியில படுத்தா ஏன் எதுக்குன்னு நோண்டுவாங்க. அவங்க வந்துட்டுப் போகட்டும்... பொறவு போவோம்.”

ஒரே ஒரு நாள்தானே... போகட்டுமா? தலை சுற்றியது. எதிரே அந்தக் கண்கள் கலங்கியிருந்தன. யாரோ ஒருத்தன், பெயர்கூடத் தெரியாத தனக்காக இப்படிப் பயப்படுகிறானே!

“ஆட்டோ கூப்பிடுங்க” என்றாள் ஜெர்லின்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால், ரத்த அணுக்கள் பயமுறுத்தும் அளவுக்குக் குறைந்திருந்தன. முறிவு மருந்தை உடனே ஏற்றினார்கள். நல்லவேளை, தள்ளிப்போடாமல் வந்தாய் என்றார் டாக்டர். பிரைட்டன் சாயங்காலந்தோறும் இளநீரோடு வந்தான். மணிக்கணக்காய்ப் பேசினான்.

“ஹார்பர்லயே தண்ணி அடிக்காத கிரேன்காரன் நான்தான், தெரியுமா? இந்த மாத்திரையோட அது ஈரலுக்கு ஆகாதுன்னுட்டாரு டாக்டர். ரத்தப் பரிசோதனையும் தவறவே மாட்டேன். மாமியாருக்குப் பிடிச்ச மாப்பிள்ளை!”

“ஆசையைப் பாரு!” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூரத்தில் கப்பல் விளக்குகள் மினுங்கின. உள்ளே என்னவோ மிதந்தது... ஊசி வலிகூட இனித்தது.

அம்மா சாக்குச் சொல்லித் தள்ளிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு நோய்ச் சேதி எட்டியது. வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மா வராந்தாவில் பிரைட்டனைப் பிடித்துக்கொண்டாள். “எம்மவ வாழ்க்கையைக் கெடுத்துட்டியேய்யா! இனிமே இங்கன வராத!”

அவன் வரவில்லை. அணுக்கள் ஏறின, புண் ஆறியது, ஜெர்லின் மட்டும் வாடினாள். ரோஷக்காரன்! அம்மா சொன்னால் போய்விடுவதா? இல்லை... எல்லாம் வெறும் பரிதாபம்தானா?

வீட்டுக்குப் புறப்படும் காலையில் கதவருகே வந்து நின்றான், தாடியும் தூங்காத கண்ணுமாக.

“பாவம்னுதானே வந்தீங்க?” என்றாள் வெடுக்கென்று.

“பாவப்பட்டு வாரவன் ஒருநாள் பழம் வாங்கிட்டு வருவான், போயிருவான். நான் போக முடியாமதான் நிக்கேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு ஜெர்லின். கட்டிக்கிடணும்.”

அவளுக்கு மூச்சே நின்றது. ஆனாலும் கேட்டாக வேண்டுமே! “இந்த மாத்திரை போடும்போது பிள்ளை உண்டாகக் கூடாது. தெரியும்லா?”

“தெரியும். பிள்ளை வேணும்னு தோணுனா ரெண்டுபேரும் முன்கூட்டியே டாக்டர்ட்டப் போவோம். மருந்தை மாத்துவாரு, காத்திருக்கச் சொல்லுவாரு. காத்திருப்போம். நாமளா எதையும் நிறுத்த வேண்டாம்.”

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தாள், பின்னாலேயே தெருக்காரி ஏஞ்சலின். “பிள்ளைக்கு என்ன விஜிலா?”

“சும்மா... காய்ச்சல்தான்” என்றாள் அம்மா அவசரமாக.

ஜெர்லின் கட்டிலை விட்டு எழுந்தாள். “காய்ச்சல் இல்ல பெரியம்மா. எனக்கு மூட்டுவாதம். வார மாத்திரையைத் தப்பா தினமும் போட்டுட்டேன். இவருதான் கொண்டு வந்து சேத்தாரு... நான் இவரைத்தான் கட்டிக்கிடப் போறேன்.”

வார்டே திரும்பிப் பார்த்தது. ஏஞ்சலின் மோவாயில் கை வைத்தாள். அம்மா மகளின் முகத்தையே பார்த்தாள். பயந்து பயந்து இத்தனை நாள் மூடி வைத்த பிள்ளையா இது! முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அதுக்கு... வீட்டுக்கு வந்து கேக்கச் சொல்லுளா. ஆஸ்பத்திரியிலயா வந்து பொண்ணு கேப்பாங்க?”